43 வயதில் கணக்குப் பகுதியில் இருந்து வெப் டெவலப்மென்ட்: எந்த வழியால் போவது?

கணக்குப்பிள்ளை_43

வணக்கம். வயது 43. கொழும்பில இறக்குமதிக் கம்பனி ஒண்டின்ட கணக்குப் பகுதி. எக்ஸெல் கை வந்த வேலை, மெக்ரோவும் ஓரளவு எழுதுவன். வெப் டெவலப்மென்ட் பக்கம் மாற வேணும். வாரத்தில 12 மணித்தியாலம் ஒதுக்கலாம். வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளையள் படிக்கினம், அதால உடனே வேலையை விட ஏலாது.

எதில தொடங்கி எந்த ஒழுங்கில போறது? காசு கட்டிப் படிக்க வேணுமா? என்ன லெப்டொப்? இந்த வயசில ஆர் வேலைக்கு எடுப்பினம்? "ஆறு மாசத்தில வேலை நிச்சயம்" விளம்பரங்கள் வேண்டாம், நேராச் சொல்லுங்கோ.

அரைப்புள்ளி

வாரம் 12 மணித்தியாலம் என்றால் 50 வாரத்தில் 600. அந்த 600க்குள் ஒரு சிறிய, முழுமையான வெப் அப்ளிகேஷனைத் தனியாகக் கட்டும் அளவுக்கு வரலாம். வேலை தேடும் காலம் அதற்கு மேல். ஆகவே ஒன்றரை வருடக் கணக்கு போடுங்கள், ஆறு மாதக் கணக்கு வேண்டாம்.

ஒழுங்கு இப்படி:

முதலில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். எல்லாரும் இரண்டு வாரத்தில் ஓடிக் கடந்துவிடுகிற இடம் இது, பிறகு கடைசி வரை இடறுகிற இடமும் இதுதான். ஃபோர்ம்களை ஒழுங்காகப் படியுங்கள்: ஒவ்வொரு பெட்டிக்கும் லேபல், சரியான இன்புட் வகை, பட்டன் வகை. ஃபோர்முக்குள் இருக்கும் பட்டனுக்கு வகை குறிப்பிடாவிட்டால் அது தானாகவே சப்மிட் பட்டன் ஆகிவிடும். "கேன்சல்" அழுத்தினாலும் பக்கம் போய்விடுகிறதே என்று தலையைச் சொறிவது இதனால்தான். சிஎஸ்எஸ்ஸில் பொக்ஸ் மொடல், ஃபிளெக்ஸ், கிரிட், மீடியா குவெரி போதும். ஃபிரேம்வேர்க் எதையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட். மொத்த நேரத்தில் மூன்றில் ஒன்று இங்கே போக வேண்டும். அர்ரே மெதட்கள், ஒப்ஜெக்ட், டொம், இவென்ட், பிறகு அசிங்க் அவெய்ட். சேர்வரில் இருந்து தரவு எடுக்கும் ஃபெட்ச் பற்றி ஒன்று: சேர்வர் 404 அல்லது 500 அனுப்பினாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எறியாது. நெட்வேர்க்கே விழுந்தால்தான் எறியும். பதிலின் ஓகே மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். பாதிப் பாடங்களில் இதைச் சொல்வதில்லை, அதனால் திரை வெறுமையாக நிற்கும், காரணம் சட்டென்று பிடிபடாது.

எழுதும் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியான கிட்டை (Git) முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ இருக்கும் கோப்பை கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கொமிட்டுகளில் (பதிவுகளில்) அது அப்படியே கிடக்கும். அழிப்பதோடு நிற்காமல் அந்தக் கீயையே மாற்ற வேண்டும்.

அதன்பின் எஸ்கியூஎல் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி), சேர்வரில் ஓடும் ஒரு பின்தள மொழி, கடைசியில் ரியாக்ட் (ஸ்கிரீன் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்). எக்ஸெல் நன்றாகத் தெரிந்தவருக்கு எஸ்கியூஎல் மிகச் சுலபமாக வரும். எக்ஸெலில் வீலுக்கப் (VLOOKUP) போடுகிற கைக்கு, டேபிள்களை இணைக்கும் ஜோயின் விளங்க அதிக நேரம் எடுக்காது.

காசு கட்டத் தேவையில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இலவசமாக இணையத்தில் நடத்தும் "ட்ரெய்னி ஃபுல் ஸ்டக் டெவலப்பர்" தொடர் இருக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புரொஜெக்ட் இரண்டும் இலவசம். ஒன்றை எடுத்து முடியுங்கள், மூன்றையும் பாதி பாதியாக மேயாதீர்கள். சந்தேகம் வந்தால் எம்டிஎன் (வெப் மொழிகளுக்கான இணைய உசாத்துணை) பக்கங்கள்.

பழைய வீடியோப் பாடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: "கிரியேட் ரியாக்ட் அப்" கொண்டு தொடங்கினால் விடுங்கள், ரியாக்ட் குழுவே 2025 பெப்ரவரியில் அதைக் கைவிட்டது. இப்போது வீட் (Vite) என்ற கருவி கொண்டு தொடங்குவார்கள். "ஹெரோக்கு இலவசம், அதில் ஏற்றுங்கள்" என்றாலும் பழசு. அந்த ஹோஸ்டிங் சேவையின் இலவசம் 2022 நவம்பரோடு முடிந்தது.

கொட்டாஞ்சேனை_கோட்

அரைப்புள்ளி சொல்றது கம்பனி வேலைக்கு. ஆனா அண்ணா, கொழும்பில சின்னக் கடைக்காரர் ஒருத்தரும் ரியாக்ட் கேட்டு வர மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது ஃபோனில ஒழுங்காத் தெரியிற சைட், வாட்ஸ்அப் பட்டன், ஒன்லைனில காசு வாங்கிற வசதி. இதுக்கு வேர்ட்பிரஸ், அதில கடை போடுற வூகொமர்ஸ், ரெண்டுக்கும் அடிப்படையான பிஎச்பி மொழி கொஞ்சம். சாதாரண ஷெயார்ட் ஹோஸ்டிங்கில பிஎச்பி கேள்வி கேக்காம ஓடும், நோட் (சேர்வரில ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்) ஓட வைக்கிறது பெரும் தொல்லை. அங்கிருந்து பிஎச்பி ஃபிரேம்வேர்க்கான லாரவெல் பக்கம் போனா கம்பனி வேலையும் கிடைக்கும்.

வழக்கமா எங்க வழுக்கும்னு சொல்றேன்.

டொமைன். கஸ்டமரோட டொமைனை அவர் பேரில, அவர் ஈமெயிலில எடுக்கணும். உங்க பேரில எடுத்தா பிறகு ரெண்டு பேருக்கும் தலையிடி.

கொன்டாக்ட் ஃபோர்ம். வேர்ட்பிரஸ் தானா அனுப்புற மெயில் ஸ்பாமுக்குப் போகும், இல்லாட்டி போகவே போகாது. எஸ்எம்டிபி வழியா ஒரு மெயில் சேர்வரால அனுப்பி, மெயில் உண்மையா அந்த டொமைனுடையதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவு ரெண்டும் டொமைனில சரியா வைக்கணும். கடைக்காரருக்கு ஓர்டர் மெயில் வரலேன்னா அவருக்கு முழு சைட்டும் பழுது.

பேமென்ட். ஒன்லைனில காசு வாங்கித் தர்ற பேஹியர் சேவையைச் சேர்க்கும்போது, காசு கட்டினவர் திரும்பி வர்ற "நன்றி" பக்கத்தை வைச்சு ஓர்டரைப் பெய்டுன்னு மாத்தக்கூடாது. அந்த முகவரியை ஆர் வேணாலும் பிரவுசரில அடிக்கலாம். அவங்க சேர்வர் உங்க சேர்வருக்கு அனுப்புற நோட்டிஃபை அறிவிப்பில இருக்கிற எம்டி5 கையொப்பத்தைச் சரிபார்த்து, ஸ்டேட்டஸ் கோட் 2 ஆ இருந்தா மட்டும் மாத்தணும். தொகை ஓர்டர் தொகையோட ஒத்துப்போகுதான்னும் பாக்கணும். லோக்கல்ஹோஸ்டுக்கு அந்த அறிவிப்பு வந்து சேராது, அதனால டெஸ்ட் பண்ண வெளியில தெரியிற முகவரி ஒன்னு வேணும். சாண்ட்பொக்ஸ் (சோதனை) கணக்கு எடுத்து முதல்ல அதில பழகுங்க.

பராமரிப்பு. பிளக்இன் அப்டேட், பேக்கப், ஹோஸ்டிங் புதுப்பிப்பு எல்லாம் ஆர் பொறுப்புன்னு ஆரம்பத்திலயே எழுத்தில வைங்க. மாதக் கட்டணம் இல்லாம "சும்மா பாத்துக்கறேன்" சொன்னீங்களோ, ஒவ்வொரு பெருநாளுக்கும் பேனர் மாத்தக் கூப்பிடுவாங்க.

நேர்முகம்

ஆட்களைத் தெரிவு செய்யும் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். இனிப்புத் தடவாமல்.

"ட்ரெய்னி", "இன்டர்ன்" வேலைகளுக்கு 43 வயது விண்ணப்பம் வந்தால் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். திறமை காரணமல்ல. அந்த இடங்கள் பல்கலைக்கழக மாணவரின் பயிற்சிக் காலத்துக்காகவே திறக்கப்படுகின்றன. பயிற்சிக் கொடுப்பனவில் வீட்டுக் கடன் கட்டவும் ஏலாது. அத்தோடு ஏஐ கருவிகள் வந்த பிறகு, சின்னச் சின்ன ஸ்கிரீன்கள் கட்டவென்று புதியவர்களை எடுக்கும் ஆர்வம் கம்பனிகளுக்குக் குறைந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. அந்த வாசலில் 23 வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்காதீர்கள்.

நீங்கள் தட்ட வேண்டிய வாசல் வேறு. கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டியல் மென்பொருள், இருப்புக் கட்டுப்பாடு, ஈஆர்பி (முழு நிறுவனத்தையும் நிர்வகிக்கும் மென்பொருள்) செய்யும் கம்பனிகள். அவர்களிடம் கோட் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். காசோலை திரும்பினால் பேரேட்டில் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவர் இல்லை. இம்ப்ளிமென்டேஷன், பிஸ்னஸ் அனலிஸ்ட், கியூஏ (மென்பொருள் சோதனை) என்று உள்ளே போய், ரிப்போர்ட் எழுதி, பிறகு மொடியூல் எழுதுவதற்கு நகரலாம். ஓடூ என்ற ஈஆர்பியைப் பாருங்கள். அதன் கொம்யூனிட்டி பதிப்பு இலவசம், உள்ளே பைதான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஜாவாஸ்கிரிப்ட். கணக்காளர் ஒருவர் அதில் உள்ளூர் இன்வொய்ஸ் வடிவம் ஒன்றைச் செய்து காட்டினால், பத்து டூடூ (செய்ய வேண்டியவை பட்டியல்) அப் காட்டியவரை விட முன்னால் நிற்பார்.

சீவி இரண்டு பக்கம். முதல் பாதியில் செய்த புரொஜெக்டின் இணைப்பு, கிட்ஹப், எது எந்தக் கருவியில் என்று. பழைய அனுபவத்தை ஒளிக்க வேண்டாம், ஆனால் "கணக்கு மேற்பார்வை" என்று எழுதாமல் "மாதமுடிவு அறிக்கையை மெக்ரோவால் தானியங்கியாக்கியது" என்று எழுதுங்கள். லிங்க்ட்இன்னிலும் அதே. டொப்ஜொப்ஸ் வேலைத் தளத்தின் விளம்பரங்கள் பல படமாகவே இருக்கும், உள்ளே இருக்கிற சொல் தேடலில் அகப்படாது. தலைப்பை மட்டும் நம்பாமல் திறந்து வாசிக்க வேண்டும்.

நேர்முகத்தில் நீங்கள் எழுதிய கோட் கோப்பைத் திறந்து "இந்த வரி ஏன்?" என்றுதான் கேட்போம். ஏஐ எழுதித் தந்ததை வைத்திருப்பவர் இரண்டாம் கேள்வியில் நின்றுவிடுவார். ஏஐ பாவிப்பதில் தவறில்லை. முதலில் நீங்கள் எழுதி, பிறகு அதை விமர்சிக்கச் சொல்லுங்கள். அந்த வரிசை முக்கியம்.

ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு காலைக் கூட்டத்தில் "நேற்று இது செய்தேன், இன்று இது, இங்கே தடை" என்று மூன்று வசனம் தடங்காமல் சொல்ல வந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை_43

இது பிரயோசனம். அப்ப கணக்கோட ஒட்டின புரொஜெக்ட் ஒண்டு செய்யிறதெண்டா எது, எவ்வளவு பெரிசு? பட்டம் ஏதும் தேவைப்படுமோ?

அரைப்புள்ளி

புறக்கோட்டையில் ஹாட்வெயார் மொத்தக் கடை ஒன்றை மனதில் வையுங்கள். கடனுக்கு விற்பனை, பின்திகதியிட்ட செக், வற் (பெறுமதி சேர் வரி) இன்வொய்ஸ். அதற்குரிய சின்ன சிஸ்டம். டேபிள்கள் ஆறு: வாடிக்கையாளர், பொருள், இன்வொய்ஸ், இன்வொய்ஸ் வரிகள் (லைன்கள்), வரவு, செக். ஸ்கிரீன்கள் எட்டைத் தாண்ட வேண்டாம்.

செக் டேபிளில்தான் உங்கள் அறிவு தெரியும். நிலை நான்கு: கையில், வங்கியில் போட்டது, பணமானது, திரும்பியது. திரும்பினால் பழைய வரவை அழிக்கக் கூடாது. எதிர்ப் பதிவு போட்டு வாடிக்கையாளரின் நிலுவையை மீண்டும் ஏற்ற வேண்டும். சாதாரணப் புரோகிராமர் டிலீட் போட்டுவிடுவார். பேரேட்டில் எதையும் அழிப்பதில்லை என்பது உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

காசை எப்படிச் சேமிப்பது? ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசம எண்களைக் கணினி இரும (0, 1) வடிவில் வைப்பதால் வரும் வினை. சதமாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், போஸ்ட்கிரெஸில் நியூமெரிக் வகை. ஃப்ளோட் வகை (தோராயத் தசமம்) வேண்டவே வேண்டாம்.

வற் 18 வீதம். இதில் சுற்றுதல் பிரச்சினை. 33.35 ரூபா வீதம் மூன்று லைன்கள் என்றால், லைனுக்கு லைன் வற் 6.00, மூன்றும் சேர்ந்து 18.00. மொத்தம் 100.05க்குக் கணக்கிட்டால் 18.01. ஒரு சதம் வித்தியாசம்தான், ஆனால் மாதமுடிவில் கணக்கு ஒத்துவராமல் யாரோ இரவிருந்து தேட வேண்டி வரும். எந்த முறை என்று ஒரு இடத்தில் முடிவெடுத்து, சேர்வரில் மட்டும் கணக்கிடுங்கள். பிரவுசர் அனுப்பும் மொத்தத்தை நம்ப வேண்டாம். வீதத்தையும் கோட்டுக்குள் எழுதாதீர்கள், எந்தத் திகதியில் இருந்து எந்த வீதம் என்று ஏழாவதாக ஒரு தனி டேபிள். 2024 ஜனவரிக்கு முன் 15 ஆக இருந்தது, பழைய இன்வொய்ஸைத் திரும்ப அச்சிட்டால் 15 தான் வர வேண்டும்.

இன்வொய்ஸும் அதன் லைன்களும் ஒரே டிரான்ஸக்ஷனுக்குள் (எல்லாம் சேமிபடும், அல்லது ஒன்றுமே இல்லை) சேமிக்கப்பட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் தலைப்பு மட்டும் இருந்து லைன்கள் இல்லாத இன்வொய்ஸ் வரக் கூடாது. இதற்கு மொங்கோடிபி எடுக்காதீர்கள். உறவுகள் நிறைந்த தரவு இது, போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல்.

இணையத்தில் ஏற்றும்போது: ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசச் சேர்வர் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் உறங்கிவிடும், அடுத்து வருபவர் ஒரு நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்களை நேர்காணப் போகிறவர் டெப்பை மூடியிருப்பார். புரொஜெக்டின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் அதை எழுதுங்கள், இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் வையுங்கள். அங்குள்ள இலவச டேட்டாபேஸ் 30 நாளில் காலாவதியாகும், ஆகவே மாதிரித் தரவை மீண்டும் நிரப்பும் ஸ்கிரிப்ட் கட்டாயம்.

பட்டம்: பெரும்பாலான தனியார் மென்பொருள் கம்பனிகளுக்கு உங்கள் வயதில் அது பின்னால். வங்கி, அரச நிறுவனம் குறி என்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பிஐடி இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், மூன்று வருடம். ஆனால் வாரம் 12 மணித்தியாலத்தில் பட்டத்தையும் புரொஜெக்டையும் சேர்த்து ஓட்ட ஏலாது. ஒன்றை முதலில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_கோட்

தனியார் வகுப்புக்குத்தான் போகணும்னு நின்னீங்கன்னா, காசு கட்ட முந்தி நாலு கேள்வி. வகுப்பில எத்தனை பேர், நான் எழுதுற கோட் ஆர் வாசிச்சுத் திருத்துவாங்க, இடையில நிப்பாட்டினா காசு திரும்புமா, நிறுவனம் அரச தொழிற்கல்வி ஆணைக்குழுவான டிவெக்கில பதிவா. ரெண்டாவது கேள்விக்கு நேரான பதில் இல்லாட்டி, யூடியூப் வீடியோவையே காசு குடுத்துப் பாக்கிறீங்கன்னு அர்த்தம்.

லெப்டொப்: 16 ஜிபி ரெம், 512 எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்னும் தேவையில்ல. யூனிட்டி பிளாசாவில பாவிச்ச மெஷின் பாக்கிறதுன்னா இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ எடுக்காதீங்க. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, ஏழாம் தலைமுறைச் சிப்பில விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, ஒன்னு ரெண்டு விதிவிலக்குத்தான். "ஏத்தித் தாறேன்"னு கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க. லினக்ஸ் போடுறதா இருந்தா பழசும் பரவாயில்ல. ரெம் போர்டில ஒட்டினதா, கழட்டி மாத்தலாமான்னு கட்டாயம் கேளுங்க. மிச்சக் காசுக்கு ஒரு 24 இஞ்ச் மொனிட்டர், இந்த வயசில கண்ணுக்கு அதுதான் முக்கியம்.

வரிவிகிதம்

காசுப் பக்கம் ஒருவரும் தொடவில்லை.

ஒன்று, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் உரிமை. பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். அடிப்படை 120,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 300,000. நாலு வருடம் பதினொரு மாதத்தில் கடிதம் கொடுத்தால் சட்டப்படி பூச்சியம். புதிய கம்பனியில் இந்தக் கணக்கு முதலில் இருந்து தொடங்கும், சம்பளப் பேச்சில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி). வேலை மாறுகிறேன் என்று அதை எடுக்க ஏலாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. வீடு, மருத்துவம் போன்ற காரணத்துக்கு 30 வீதம் முன்கூட்டி எடுக்கும் வசதி இருக்கிறது, அதை இடைக்காலச் செலவுக்கு நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு சேமிப்பில் தனியாக இருக்க வேண்டும்.

மூன்று, பகுதிநேர வருமானம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் (வரி இல்லாத வருமான எல்லை) வருடத்துக்கு 1,800,000. அது எல்லா வருமானத்துக்கும் சேர்த்து ஒரு தடவைதான். சம்பளத்திலேயே தீர்ந்துவிட்டால் சைட் செய்து உழைக்கும் முதல் ரூபாவுக்கே வரி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு அந்நியச் செலாவணியாக வங்கி மூலம் வந்தால் அதிகபட்சம் 15 வீதம். நண்பரின் கையால் ரூபாவாக வாங்கினால் அந்தச் சலுகை இல்லை. வங்கி வரவுச் சீட்டையும் இன்வொய்ஸையும் ஒன்றாகக் கோர்த்து வையுங்கள். காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வரி அறிக்கை நவம்பர் 30க்குள்.

நான்கு, இப்போதைய நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். வெளி வேலை செய்யத் தடை, கம்பனிக் கணினியில் செய்தது கம்பனிக்கே சொந்தம் என்ற வாசகங்கள் இருக்கலாம். பயிற்சிப் புரொஜெக்டுக்கு ஒஃபிஸ் லெப்டொப்பையோ, கம்பனியின் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலையோ தொடாதீர்கள். பெயரை மாற்றினாலும் தொகை காட்டிக்கொடுக்கும்.

ழகரம்

ஒருவரும் சொல்லாத ஒன்று: தமிழ். மும்மொழி சைட் கேட்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த டெவலப்பர் அருமை. பல சைட்டுகளில் தமிழ்ப் பக்கம் கடைசி நாளில் ஒட்டியது போலவே இருக்கும்.

வாடிக்கையாளர் தரும் தமிழ் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும். அதை நேரே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒரு மனிதர் வாசிக்க வேண்டும். கொம்பு போடும் இடங்களில் கருவி சில வேளை தவறும். "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடலில் ஒத்துவராது. சேமிக்கும் முன் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்ந்த) வடிவுக்கு நோர்மலைஸ் பண்ணுங்கள்.

"கொழும்பு" நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் கேட்டால் 8 சொல்லும், யூடிஎஃப்-8இல் 24 பைட். பெயர்ப் பெட்டிக்கு "20 எழுத்து" என்று எல்லை வைத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும், அதுவும் புள்ளியை விட்டுவிட்டு. எழுத்தாக எண்ண வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில் செக்மென்டர். எஸ்எம்எஸ் அனுப்பும் சிஸ்டம் என்றால் தமிழில் ஒரு செய்திக்கு 160 இல்லை, 70 தான். செலவுக் கணக்கு மாறிவிடும்.

வரிசைப்படுத்தல். சாதாரண சோர்ட் யுனிகோட் எண்படி போகும், அதில் ற, ல வுக்கு முன்னால் நிற்கும். "றஞ்சன்" என்ற பெயர் லதாவுக்கும் வதனிக்கும் முன் வந்துவிடும். இன்டில் கொலேட்டரில் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்தால் சரியான இடத்துக்குப் போகும்.

தோற்றத்துக்கு: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, வரி உயரம் 1.6க்குக் குறையாமல். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனுக்குள் "பதிவு செய்க" நிற்காது, ஆகவே அகலத்தைப் பிக்செலில் பூட்டாதீர்கள். பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று வைக்காவிட்டால் திரைவாசிப்பான் எந்தக் குரலில் வாசிப்பதென்று தெரியாமல் தடுமாறும்.

.இலங்கை என்று முழுத் தமிழில் டொமைனும் எடுக்கலாம். ஆனால் சில மின்னஞ்சல் ஃபோர்ம்கள் அதை ஏற்காது. தளத்துக்கு மட்டும் பாவித்து, மெயிலுக்கு .எல்கே வைத்திருப்பது வசதி.

நேர்முகம்

ழகரம் எழுதியதை அப்படியே புரொஜெக்டில் சேருங்கள். வாடிக்கையாளர் பட்டியல் தமிழில் சரியான வரிசையில் வருவதை நேர்முகத்தில் காட்டினால் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். பத்து நிமிடம் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தில் போவது லேசான காரியமில்லை.

கணக்குப்பிள்ளை_43

எல்லாருக்கும் நன்றி. அரைப்புள்ளி சொன்ன கடைச் சிஸ்டத்தைத் தொடங்கியாச்சு, ரியாக்டும் நோடும். ஒரு கேள்வி: திகதிப் பெட்டியில ஏப்ரல் 1 தெரிவு செய்தா டேட்டாபேஸில மார்ச் 31 விழுது. ஏப்ரல் 1 புது நிதியாண்டு, இன்வொய்ஸ் போன வருசத்துக்குள்ள போகுது. இது எங்க மாறுது?

அரைப்புள்ளி

நேர வலயம். நீங்கள் போட்டிருக்கும் திகதிப் பெட்டி, ஏப்ரல் 1 நள்ளிரவு கொழும்பு நேரம் என்று ஒரு டேட் ஒப்ஜெக்ட் தருகிறது. நாம் யூடிசிக்கு (உலக நியம நேரத்துக்கு) ஐந்தரை மணித்தியாலம் முன்னால். சேர்வருக்கு அனுப்ப ஜேசன் எழுத்து வடிவாக மாறும்போது அது யூடிசிக்குப் போய் மார்ச் 31 மாலை 18:30 ஆகிறது. டேட்டாபேஸ் கொலம் டேட் வகை என்பதால் நேரத்தை வெட்டிவிட்டு மார்ச் 31ஐ எடுத்துக்கொள்கிறது.

இன்வொய்ஸ் திகதி ஒரு நாள், ஒரு கணம் அல்ல. ஆகவே டேட் ஒப்ஜெக்டாக ஆக்கவே வேண்டாம். பிரவுசரின் சாதாரண டேட் இன்புட் தரும் வருடம், மாதம், நாள் எழுத்துச் சரத்தை அப்படியே அனுப்பி அப்படியே சேமியுங்கள். "பதிவு செய்த நேரம்" மட்டும் நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்.

திரும்பி வாசிக்கும்போதும் பொறி இருக்கிறது. நோடின் போஸ்ட்கிரெஸ் டிரைவர் டேட் கொலத்தைத் தானாகவே டேட் ஒப்ஜெக்டாக மாற்றித் தரும். 1082 என்ற வகை எண்ணுக்குரிய பார்சரை மாற்றி, எழுத்துச் சரமாகவே தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மெஷினில் அனுப்பும் பதிலில் மீண்டும் ஒரு நாள் பின்னால் போகும், யூடிசியில் ஓடும் சேர்வரில் ஏற்றினால் சரியாக வரும், எங்கே பிழை என்று பிடிபடாது.

வரிவிகிதம்

திருத்தியதும் ஏற்கெனவே விழுந்த பதிவுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரு நாள் பின்னால் என்றால் ஒரே அப்டேட்டில் சரிசெய்யலாம், ஆனால் இடையில் கையால் திருத்தியது இருந்தால் அவை இரண்டு தரம் நகரும். பதிவு செய்த நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ளவற்றைத் தனியாக எடுத்துப் பாருங்கள். செக் திகதிக் கொலத்தையும் மறக்க வேண்டாம், அதே பெட்டியைத்தான் அங்கேயும் போட்டிருப்பீர்கள்.